புரூஃப் அம்மாவின் பச்சைப் புள்ளி

போன்களையெல்லாம் கவிழ்த்து வையுங்கள். அணைக்க வேண்டாம், கவிழ்த்தால் போதும். முகத்தில் நீல வெளிச்சம் அடித்துக்கொண்டிருக்கும் ஆட்களுக்கு எனக்குக் கதை சொல்ல வராது. ம்… இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

பேய் என்றாலே நடுநிசி, நாய் ஊளை, வெள்ளைத் துணி என்று எவனோ சொல்லிவைத்துவிட்டான். அதற்கென்று நேரம் காலம் உண்டா என்ன? இது மத்தியானம் ஒன்றரை மணி. மண்டையைப் பிளக்கிற வெயில். மூடிப்போன நூல் ஆலையின் நீளச் சுவர் ஒரு பக்கம், முள் மண்டிய காலி மனைகள் இன்னொரு பக்கம், நடுவில் ஒரு ரோடு. ஈ காக்கை இல்லை. தார் இளகி, ஸ்கூட்டர் சக்கரத்தில் ஒட்டி ஒட்டிப் பிரிகிறது… சர்ர்… சர்ர்… அந்தச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை.

ஸ்கூட்டரில் போகிறவன் என் சிநேகிதனின் மச்சினன். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தான். வேலை செய்யும்போது கழற்றிய திருகாணிகளை உதட்டில் கவ்விக்கொண்டே இருப்பான், அதனால் எல்லாருக்கும் அவன் ஸ்க்ரூ. அவன் இதைத் தன் அக்காவிடம் ஒரே ஒருமுறை சொன்னான். அக்கா புருஷனிடம் சொன்னாள், புருஷன் என்னிடம் சொன்னான். நான் ஒரு வார்த்தை கூட்டவில்லை. சரி, ஒன்றிரண்டு கூட்டியிருப்பேன். முக்கியமான இடங்களில் கூட்டவில்லை.

பாதி ரோட்டில் அவனுக்கு ஒரு வாசனை வந்தது. கிராம்புத் தைலம். பல்வலிக்குப் பஞ்சில் நனைத்து வைப்பார்களே, அது. சுற்றிலும் ஆள் இல்லை. காற்றுகூட இல்லை. வண்டியை நிறுத்திப் பார்த்தான். வாசனையும் அவன் பக்கத்திலேயே நின்றது… அது யாருடைய வாசனை என்று அவனுக்குத் தெரியும். அந்த அம்மா செத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அவருடைய வீட்டுக்குத்தான் அவன் போய்க்கொண்டிருந்தான்.

இப்போது கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இல்லாவிட்டால் உங்களுக்கு அவன்மேல் பரிதாபம் வந்துவிடும்.

ஸ்க்ரூவுக்குக் கைராசி உண்டு. அவன் தொட்டால் செத்த மெஷினும் எழுந்து உட்காரும். ஆனால் வண்டியை எடுக்க மட்டும் சோம்பல். பிரிண்டர் அடிக்கவில்லை, எழுத்து சின்னதாகிவிட்டது என்று பொழுதுக்கும் யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். வீடு வீடாக யார் அலைவது? ஒரு வழி கண்டுபிடித்தான். கடைக்கு வருகிற ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும், திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால், ஒரு சின்ன புரோகிராமைப் போட்டுவிடுவான். அது ஓடுவது வெளியே தெரியாது. அதை வைத்துக் கடையில் உட்கார்ந்தபடியே அந்த வீட்டுத் திரையைப் பார்க்கலாம். அங்கே எந்த எழுத்தை அழுத்துகிறார்கள் என்பதும் தெரியும். மவுஸை இவனே நகர்த்தலாம். போனில் பேசிக்கொண்டே சரி செய்துவிடுவான். “ஆளே வராம சரி பண்ணிடுறான்பா, கில்லாடி” என்று பெயர் வாங்கினான். எப்படி என்று யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

கடைத் திரையின் ஓரத்தில் வாடிக்கையாளர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். யாருடைய கம்ப்யூட்டர் ஓடுகிறதோ, அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும்.

முதலில், கூப்பிட்டால் மட்டும் பார்த்தான். அப்புறம் கூப்பிடாமலும் பார்த்தான். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பான், ஒரு பச்சைப் புள்ளியை அழுத்துவான். மருந்துக் கடைக்காரர் கணக்குப் பார்க்கிற சாக்கில் சீட்டாடுவார். கல்யாணத் தரகர் ஒரே மாப்பிள்ளைக்கு மூன்று சம்பளம் எழுதுவார். ஒரு பெண் யாருக்கோ எழுதுவாள், அழிப்பாள், எழுதுவாள், அழிப்பாள்… இவன் ஒருவரிடமும் காசு எடுத்ததில்லை. யாரைப் பற்றியும் வெளியே மூச்சு விட்டதில்லை. பார்த்தால் தேய்ந்தா போய்விடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான்.

அந்த வரிசையில் இருந்தவர்தான் புரூஃப் அம்மா. புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவர். கணவர் இல்லை. ஒரே மகள் வெளியூரில். ஆலைச் சுவர் முடிகிற இடத்தில், கடைசி வீட்டில் தனியாக இருந்தார். எந்நேரமும் ஏதாவது ஒரு பல் வலிக்கும், எந்நேரமும் கிராம்புத் தைலம். வாடகை வண்டியில், கம்ப்யூட்டரைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தார்.

“தம்பி, இது என்னைக் கேக்காம ராத்திரியில தானா எழுந்து என்னமோ பண்ணுது. நான் எதைத் தேடினேன், எதைப் படிச்சேன்னு யாருக்கோ சொல்லுது. வேணாம்னு சொல்லப் போனா, ‘அப்புறம் கேக்கட்டுமா’ங்குது. வேணவே வேணாம்ங்கிற பதிலே அதுல இல்ல. வீடு என்னுது, சாவி இன்னொருத்தன்கிட்டயா? எல்லாத்தையும் புடுங்கிப் போட்டுக் குடுப்பா.”

ஸ்க்ரூ மனசார வேலை செய்தான். விளம்பரத்துக்கு மோப்பம் பிடிப்பது, கம்பெனிக்குத் தகவல் அனுப்புவது, கேட்காமல் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்வது, ஒன்றையும் விடவில்லை. கடைசியில் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தையே தூக்கிவிட்டு, சொன்ன பேச்சைக் கேட்கிற வேறொன்றைப் போட்டான். அப்படி ஒரு சுத்தமான மெஷின் அந்த வட்டாரத்திலேயே இருந்திருக்காது. எல்லாம் முடிந்து மூடியைப் பூட்டப் போகிற நேரத்தில்… பழக்க தோஷம்… தன்னுடைய புரோகிராமைப் போட்டான். வேலியே பயிரை மேய்ந்தது.

“இனிமே யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்கல்ல?” என்று கேட்டார் அந்த அம்மா.

“யாரும் பாக்க முடியாதும்மா. நான் கேரண்டி.”

“நல்லா இருப்பே” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் திரையில் பார்க்க ஒன்றும் கிடையாது. ஆனால் அவனுக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. கர்சர் ஒரு வரியில் மெதுவாக ஊர்ந்து போகும். நிற்கும். ஒரு காற்புள்ளி போடும். யோசித்துவிட்டு அதையே எடுக்கும். ஒரு பக்கம் முடிந்தால் இடைவெளி விசையை இரண்டு தட்டு தட்டுவார், காரணமே இல்லாமல். டக்… டக். பார்த்துக்கொண்டே இருந்தால் நிம்மதியாக இருக்கும், சாப்பாடு இறங்கும். இரண்டு வருஷம் இப்படிப் போனது.

அன்றைக்கும் சாப்பாட்டு நேரம்தான். தேனீ வளர்ப்பைப் பற்றிய ஏதோ ஒரு பாடம். கர்சர் வரிக்கு நடுவில் நின்றது. வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றது. அப்புறம் ஓட ஆரம்பித்தது.

ம்ம்ம்ம்ம்ம்ம்ம்ம்ம்ம்ம்ம்ம்ம்ம்ம்ம்

ஒரு வரி. இரண்டு வரி. அம்மா எதையோ விசைகளின் மேல் வைத்துவிட்டார் என்று அவனுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பக்கம் நிறைந்தது. அடுத்த பக்கமும் நிறைந்தது. கையில் எடுத்த கவளம் வாய்க்குப் பாதி வழியில் நின்றுவிட்டது. அந்தப் புரோகிராமில் சத்தம் வராது. ஆனாலும் அந்த எழுத்தைப் பார்க்கப் பார்க்க, யாரோ முனகுவது காதில் விழுந்ததாம்.

பிறகு நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. அப்புறம் ஒவ்வொரு எழுத்தாக வந்தது. தப்பாக விழுந்தது, அழிந்தது, சரியாக வந்தது. அந்த நிலைமையிலும் பிழையோடு விட மனசு வரவில்லை அவருக்கு…

தம்பி

மறுபடியும் ஒன்றுமில்லை.

கூப்பிடு

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? உடனே சொல்லாதீர்கள். உட்கார்ந்த இடத்தில் எல்லாரும் உத்தமர்கள்தான்.

அவன் கடைப் போனை எடுத்து அவர் நம்பருக்குப் போட்டான். மணி அடித்தது, அடித்து ஓய்ந்தது. ஆம்புலன்சுக்குப் போடப் போனான். விரல் நின்றது. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே! அந்த ஒரு கேள்விக்குத்தான் பயந்தான். சொன்னால் கடை போகும், பெயர் போகும், போலீஸ் வரும், பச்சைப் புள்ளி எரிகிற ஒவ்வொருவனும் செருப்போடு வந்து வாசலில் நிற்பான். பெயர் சொல்லாமல் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரரின் நம்பரைத் தேடியிருக்கலாம். வண்டியை எடுத்துக்கொண்டு, சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்று கதவைத் தட்டியிருக்கலாம். இந்த யோசனையெல்லாம் அவனுக்கு அப்போதே வந்தது. அதுதான் அவனைத் தின்றது. வேறு யாரோ தம்பிக்கு எழுதுகிறார் போல என்று மனசுக்குள் ஒரு பொய்யைச் சொல்லி, திரையை மூடினான். சாப்பாட்டு டப்பாவையும் மூடினான். கையைக் கழுவினான். கடைக்கு வந்த ஒருவருக்கு பேட்டரி விற்றான்.

மறுநாள் பேப்பர் போடுகிறவர் பார்த்துச் சொல்ல, அக்கம்பக்கத்தார் கதவை உடைத்தார்கள். கொஞ்சம் முன்னால் பார்த்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னாராம். அதை அவனிடம் சொன்னது மருந்துக் கடைக்காரர். “அடப்பாவமே” என்றான் ஸ்க்ரூ. அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, உள்ளே போய் வாந்தி எடுத்தான்.

அன்றைக்கே உட்கார்ந்து எல்லாருடைய கம்ப்யூட்டரிலிருந்தும் அந்தப் புரோகிராமை எடுத்தான். ஒவ்வொரு பச்சைப் புள்ளியாக அணைந்தது. ஒன்றைத் தவிர.

புரூஃப் அம்மாவின் புள்ளி எரிந்துகொண்டே இருந்தது. வீட்டைப் பூட்டிவிட்டார்கள். மகள் கரண்டைத் துண்டித்துவிட்டுத்தான் ஊருக்குப் போனாள் என்று அவனுக்கே தெரியும். கரண்ட் இல்லாத வீட்டில் கம்ப்யூட்டர் எப்படி ஓடும்? அழுத்திப் பார்த்தான். அதே பக்கம். அதே இரண்டு வார்த்தை. கர்சர் மட்டும் மினுக்… மினுக்… என்றது. இங்கிருந்தே அந்தப் புரோகிராமை அழிக்கச் சொன்னான். அழிந்தது என்றது. புள்ளி அணையவில்லை.

ஒரு நாள் அவன் மவுஸைத் தொடவே இல்லை. அது நகர்ந்தது. மெதுவாக… வரிசையில் இருந்த பெயர்களின் மேல், எழுத்து எழுத்தாக ஊர்ந்து போனது. ஒவ்வொரு பெயரின் முடிவிலும் கொஞ்சம் நின்றது. கடைசிப் பெயர் முடிந்ததும், அவன் கண்ணெதிரே, அவனுடைய விசைப்பலகையில் இடைவெளி விசை தானாக அமுங்கியது.

டக்… டக்.

இண்டர்நெட் வயரைப் பிடுங்கினான். வயரைக் கையில் வைத்துக்கொண்டே திரையைப் பார்த்தான். புள்ளி பச்சையாக இருந்தது.

அதற்கப்புறம்தான் மகளிடமிருந்து போன். அம்மாவின் கம்ப்யூட்டரைத் திறக்க முடியவில்லை, பாஸ்வேர்டு தெரியாது, கொஞ்சம் வந்து உடைத்துக் கொடுக்க முடியுமா, பில்லில் உங்கள் கடைப் பெயர் இருந்தது என்றாள். ஸ்க்ரூவுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது என்று அக்காவிடம் சொன்னானாம். போனோமா, மெஷினில் இருக்கிற புரோகிராமைக் கையோடு எடுத்தோமா, வந்தோமா… சனியன் விட்டது. கடையைப் பூட்டிச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கிளம்பினான். இப்படித்தான் அந்த மத்தியானம், அந்த ரோட்டில், அந்த வாசனை.

மகள் கதவைத் திறந்தாள். அழுது ஓய்ந்த முகம். பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுத்துத் தயாராக வைத்திருந்தாள். மேஜையில் கம்ப்யூட்டர், பக்கத்தில் அம்மாவின் மூக்குக்கண்ணாடி, அம்மாவின் போன்.

“உக்காருங்கண்ணா. தண்ணி குடிக்கிறீங்களா?”

அண்ணா என்று அவள் கூப்பிட்டது அவனுக்கு எங்கோ குத்தியது. வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு மெஷினைப் போட்டான். பாஸ்வேர்டு கேட்டது. அவன் மனசு முழுக்கப் புரோகிராமின் மேல் இருந்தது… கை முந்திக்கொண்டது. திரையில் பார்த்துப் பார்த்துப் பழகிய விரல்கள் தாமாகவே தட்டிவிட்டன. திறந்துகொண்டது.

பின்னாலிருந்து மகள் கேட்டாள்: “அம்மா பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியுமா?”

“அது… நான்தான்மா வச்சுக் குடுத்தேன். ரெண்டு வருஷம் முன்னாடி.”

“சாகறதுக்கு ஒரு வாரம் முன்னாடிதான் மாத்தினேன்னாங்களே.”

அவன் வாயில் திருகாணி இல்லை. இருந்திருந்தால் பேசாமலிருக்க ஒரு சாக்காவது கிடைத்திருக்கும்.

சேமிக்காத கோப்பு ஒன்று இருக்கிறது, திறக்கட்டுமா என்று கேட்டது திரை. அவன் வேண்டாம் என்று அழுத்துவதற்குள் அவள் “திறங்க” என்றாள். பக்கம் பக்கமாக அந்த எழுத்து. முடிவில் அந்த இரண்டு வார்த்தை. அவள் குனிந்து திரையைக் கையால் தொட்டாள்.

“தம்பி யாரு? அம்மாவுக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்லியே…”

கேட்டுவிட்டாள். இதோ வாசல் திறந்திருக்கிறது, போ, சொல்லிவிடு என்று உள்ளே ஒரு குரல். சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

“தெரியலியேம்மா. அக்கம்பக்கத்துப் பையன் யாராவது இருக்கும்.”

“அன்னிக்கு மத்தியானம் உங்க கடையிலேர்ந்து அம்மா போனுக்கு ஒரு கால் வந்திருக்கு. போன் அடுப்படியில கெடந்திருக்கு, எடுக்கல. எதுக்குக் கூப்பிட்டீங்க?”

“மவுஸ் ஒண்ணு கேட்டிருந்தாங்க. வந்துடுச்சுன்னு சொல்ல…”

ஒரு பொய்க்கு மேல் இன்னொன்று. தன் குரலே தனக்கு அருவருப்பாக இருந்தது. அவள் பார்வையைத் தவிர்க்கத் திரைப்பக்கம் திரும்பி, தன் புரோகிராமைத் தேடினான். இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. வேறு இடங்களில் தேடினான். இல்லை. அடி முதல் நுனி வரை துழாவினான். இருந்த தடமே இல்லை.

“என்ன தேடுறீங்க?”

“வைரஸ் மாதிரி ஏதாவது… உளவு பாக்குற மாதிரி ஏதாவது இருக்கான்னு.”

“அதுவா? அதை அம்மாவே எடுத்துட்டாங்களே. போன வருஷம். எவனோ திருட்டுத்தனமா வச்சிருந்தானாம். புத்தகமெல்லாம் படிச்சுத் தானே கண்டுபிடிச்சு, தானே அழிச்சாங்க. யாருன்னு தெரியுமாம்மான்னு கேட்டேன். ‘தெரியும். சின்னப் பையன், போறான் விடு. என்னிக்காவது அவனே வந்து சொல்லுவான்’னாங்க.”

போன வருஷம்.

அப்படியென்றால் இந்த ஒரு வருஷமாக அவன் எதைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டான்? புதுப் பாஸ்வேர்டை அவனுக்கு யார் காட்டியது? அன்றைக்கு மத்தியானம் அவன் கடைத் திரையில்… எது வழியாக வந்து கூப்பிட்டார் அவர்? தெரிந்தது ஒன்றுதான். தம்பி என்றது அவனைத்தான். ஆள் யாரென்று தெரிந்தே, அவன் பார்ப்பான் என்று நம்பியே கூப்பிட்டிருக்கிறார். அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மெஷினை அணைத்துவிட்டு எழுந்தான். காசு வேண்டாம்மா என்றான். அவ்வளவுதான் சொன்னான். அந்த நேரத்திலும் அவ்வளவுதான்.

வாசல்படியில் ஒரு காலை வைத்தபோது, மேஜையிலிருந்த அம்மாவின் போன் அடித்தது.

மகள் எடுத்துப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது. “உங்க கடை நம்பர்தான் வருது. கடையில யார் இருக்காங்க?”

அவன் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தான். சாவி இருந்தது.

“யாரும் இல்ல” என்றான். இந்த ஒன்றுதான் அவன் அந்த வீட்டில் சொன்ன உண்மை.

அவள் போனைக் காதில் வைத்தாள். ஹலோ என்று ஒரு தடவைதான் சொன்னாள். அப்புறம் கேட்டுக்கொண்டே இருந்தாள். ம் கொட்டினாள். குழந்தை மாதிரி இன்னொரு ம். அறை முழுக்கக் கிராம்பு வாசனை ஏறிக்கொண்டே போனது. கடைசியில் போனைப் பதமாக மேஜைமேல் வைத்துவிட்டு அவனைத் திரும்பிப் பார்த்தாள். கோபமில்லை. குரல்கூட உயரவில்லை.

“அண்ணா… அன்னிக்கு டப்பாவை மூடிட்டு, மிச்சத்தை அப்புறமா சாப்பிட்டீங்களாமே?”